கடனுக்கு முன் கணக்கு

சுத்துக்கேணி போன்ற நெல் விளையும் ஊர்களில் நாற்று நடவும் களையெடுப்பும் பெண்களின் கையில். ஆனால் பல வீடுகளில் பட்டா அவர்கள் பெயரில் இராது. பட்டா இல்லாதவருக்கும் வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தவை மகளிர் சுய உதவிக் குழுக்கள்.

தமிழகத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் இம்முயற்சி தொடங்கிற்று. 1992-இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளுடன் இணைக்கும் சோதனைத் திட்டத்தை அறிவித்தது. இதில் சொத்துப் பிணையம் இல்லை. குழுவின் சேமிப்பும் நாணயமுமே பிணையம்.

எனவே, குழு அமைத்ததும் கடனுக்கு விரைதல் கூடாது. 10 முதல் 20 பேர் சேர்ந்து, முதல் ஆறு மாதம் கீழ்க்கண்டவற்றைப் பழகவேண்டும்:

1. தவறாத கூட்டம்.
2. தவறாத சேமிப்பு.
3. சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கடன்.
4. தவணை தவறாத வசூல்.
5. அன்றன்றே எழுதும் கணக்கு.

ஐந்தாவது தளர்ந்தால் மற்ற நான்கும் தளரும். கணக்கைக் கூட்டத்தில் எல்லோரும் கேட்க உரக்கப் படிக்கவேண்டும். எழுத்தறியாத உறுப்பினருக்கு அதுவே காப்பு.

கடன் வந்ததும் அதை வருமானம் தரும் தொழிலில் இடுக. அறுவடைக்குப்பின் வைக்கோல் கையிலிருக்கும்; சிப்பிக்காளான் வளர்க்கலாம். வித்திட்ட 15 முதல் 20 நாட்களில் படுக்கை முழுவதும் வெண்ணிழை பரவும். பின்னர் சில நாட்களில் முதல் பறிப்பு. பறித்த காளான் விரைவில் கெடும். ஆதலால் வாங்குவோரை முன்னரே பேசி வைத்தல் நலம்.

பயிற்சிக்குக் குருமாம்பேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கடன் வாங்கும் பெண்ணே அதைச் செலவிடவும் வேண்டும். அப்போதுதான் குழுவால் குடும்பம் உயரும்.