கடன் கொப்பி கணனிக்குப் போகும்போது

கடைக்கு மென்பொருள் எழுதித்தர வரும் தம்பிமார், "பி.எச்.பி.யில் செய்து மை எஸ்.கியூ.எல்.லோடு இணைத்துத் தாறேன் நானா" என்பார்கள். விளங்கியது போலத் தலையாட்டிக் காசைக் கொடுப்போம். திரியாயில் நானும் அப்படித்தான் தலையாட்டினேன்.

பி.எச்.பி. என்பது கணனிக்கு வேலை சொல்லும் மொழி. மை எஸ்.கியூ.எல். என்பது தகவலை அட்டவணைகளாக வைத்திருக்கும் தரவுத்தளம். ஓர் அட்டவணையில் கடன்காரரின் பெயரும் இலக்கமும் இருக்கும். அடுத்ததில் அந்த இலக்கத்துக்கு எந்தத் திகதியில் என்ன சாமான் போனது என்பது இருக்கும். இலக்கம்தான் இரண்டையும் சேர்க்கும். இரண்டு மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கும். அதற்காக மட்டமாக நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிய, நம் நாட்டுத் தொண்டர்கள் உருவாக்கிய 'சஹானா' இந்த இரண்டையும் கொண்டு செய்ததுதான். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் அது உதவியது.

நிரல் தரவுத்தளத்துக்குள் நுழைய நான்கு விடயம் சொல்ல வேண்டும்: எந்தக் கணனி, பயனர் பெயர், கடவுச்சொல், தரவுத்தளத்தின் பெயர். இந்த நான்கும் முதலாளியிடம் எழுத்தில் இருக்கட்டும். தம்பி கட்டாருக்குப் போய்விட்டால் யாரைத் தேடுவது? பயனர் பெயர் 'ரூட்' என்றிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அது எல்லாப் பெட்டகத்துக்கும் ஒரே சாவி.

நான் அடிபட்டது எழுத்து முறையில். எனது அட்டவணை பழைய லத்தீன் முறையில் இருந்தது. தமிழில் பதிந்த பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாயின. தொகை இருக்கிறது, ஆளைக் காணோம்! அப்படிச் சேமித்தது மறுபடி எழுத்தாகாது. பழைய கொப்பியை வீசாததால் தப்பினேன், அல்ஹம்துலில்லாஹ். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. கணனி எழுதினாலும் பொறுப்பு நமக்குத்தான். அட்டவணையிலும் இணைப்பிலும் 'யு.டி.எஃப். 8 எம்.பி. 4' என்று வைக்க வேண்டுமென்று பிறகு வந்த தம்பி விளங்கப்படுத்தினார்.

அவர் சொன்ன இன்னொன்று, காசோலையில் தொகைக்கு முன்னால் இடம் விடுவது போன்றது. பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவன் பெயருக்குப் பதில் கட்டளையைத் தட்டினால், அதை அப்படியே ஒட்டிக்கொள்ளும் நிரல் அதையும் நிறைவேற்றிவிடும். மற்றவர் கணக்கு வெளியே போகலாம், அழியவும் கூடும். ஆகவே வாக்கியத்தை முதலில் தயாரித்து, பெயருக்கு இடம் மட்டும் விட்டு, பெயரைத் தனியாக ஒப்படைக்க வேண்டும். அப்போது எதைத் தட்டினாலும் அது வெறும் பெயர்தான்.

பழைய இணைப்பு முறை 2015இல் வந்த பி.எச்.பி. 7இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய நிரலைப் புதிய கணனியில் ஏற்றினால் கடை திறக்கும் நேரத்தில் திரை வெறுமையாக நிற்கும். எதைக்கொண்டு இணைக்கிறீர்கள் என்று தம்பியிடம் கேளுங்கள். 'மை எஸ்.கியூ.எல்.ஐ.' அல்லது 'பி.டி.ஓ.' என்று பதில் வந்தால் முற்பணம் கொடுக்கலாம்.