ஆறாவது கிழமையின் அந்தி

சென்ற மார்கழியில் மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். பனி இறுகிய வெளிப்படிக்கட்டில் ஏறிப்போகும் மேல்மாடி. பின்னேரம் நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஆறு கிழமைப் பிள்ளை முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டுக்கொண்டிருந்தான். பால் கொடுத்தாயிற்று. பம்பர்ஸ் மாற்றியாயிற்று. முதுகு தடவி ஏவறையும் எடுத்தாயிற்று. ஊரில் அப்போது விடியப்புறம் மூன்று மணி. அம்மம்மா தொலைபேசியில் விழித்திருந்தார்.

“வயித்துக்குள்ள ஏதோ செய்யுது போல அம்மா. விடாம அழுறான்.”

“தூக்கிக்கொண்டே திரியாத பிள்ளை. கைப்பழக்கம் வந்தா பிறகு இறக்கேலாது.”

அம்மம்மா சொன்னது அன்பில்தான். ஆனாலும் ‘கைப்பழக்கம்’ என்ற அந்தச் சொல் நம் வீடுகளை விட்டுப் போகவேண்டும். அதற்கான சான்று இதே நகரத்தில் இருக்கிறது. மொன்றியலில் ஹன்சிக்கர், ரொனால்ட் பார் என்ற இரு மருத்துவர்கள் 99 தாய்-சேய் இணைகளை வைத்துச் செய்த ஆய்வு 1986-இல் வெளியானது. அழுதாலும் அழாவிட்டாலும் பிள்ளையை நாளுக்கு 3 மணித்தியாலமாவது கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கும்படி ஒரு பகுதித் தாய்மாரிடம் கேட்டார்கள். ஆறாவது கிழமையில் அந்தப் பிள்ளைகளின் அழுகை மற்றப் பிள்ளைகளுடையதைவிட 43 வீதம் குறைவாக இருந்தது. பின்னேரம் 4 மணி முதல் நள்ளிரவு வரை பார்த்தால் 51 வீதம் குறைவு.

ஏற்கெனவே மிகுதியாக அழுகிற பிள்ளைக்குத் தூக்கிவைத்தல் மருந்தாகவில்லை என்று 1991-இல் வேறோர் ஆய்வு சொன்னது. அதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தூக்குவதால் பிள்ளை கெட்டுப்போகும் என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. இடுப்பிலும் தோளிலும் ஏணையிலும் பிள்ளை வளர்த்த நம் சனத்துக்கு இதை ஆய்வு வந்து சொல்லவேண்டியிருப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

பிறந்து இரண்டாம் கிழமையளவில் அழுகை கூடத் தொடங்கும். ஆறாம் கிழமையில் உச்சம். மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். அமெரிக்க மருத்துவர் பிரேசல்டன் இந்த ஏற்ற இறக்கத்தை 1962-இலேயே பதிந்துவைத்தார். நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் அழுகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் நோயற்றவர்கள். இதைத் தெரியாத தாய் தன் பாலைக் குறை சொல்கிறாள், நாவூறு கழிக்கிறாள், பால்மா மாற்றுகிறாள்.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு ஆசனவாயில் அளந்த காய்ச்சல் 38 பாகையோ அதற்கு மேலோ இருந்தால் உடனே மருத்துவமனை. பச்சை நிற வாந்தி, பால் மறுத்தல், துவண்டு கிடத்தல், நனையாத பம்பர்ஸ், ஒருநாளும் கேட்டிராத கீச்சுக்குரல் ஆகியவற்றுக்கும் அதேதான். கால்விரலில் தலைமயிர் சுற்றி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகம் வந்தால் 811 என்ற எண்ணுக்கு அழையுங்கள். நள்ளிரவிலும் தாதி பேசுவார். அழுகையை அடக்கவென்று ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தடவ வேண்டாம். அதில் ஒளிந்திருக்கக்கூடிய கிருமி பிள்ளையின் தசைகளைத் தளர்த்திவிடும்.

எனக்குள்ள பெரிய கவலை பிள்ளையைப் பற்றியதல்ல. பிள்ளையைத் தூக்கு என்கிறோம். யார் தூக்குவது? ஊரில் பிள்ளைப்பெற்ற வீட்டில் அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று பத்துக் கை இருந்தது. இங்கே இரண்டே கை. அவையும் பிரசவித்த உடம்பின் கைகள்.

கியூபெக்கில் 2006 முதல் தகப்பனுக்கென்று மட்டும் 5 கிழமைக் கொடுப்பனவு உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் பிள்ளை பிறந்த அன்றே அதைத் தொடங்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அழுகை உச்சிக்கு ஏறும் ஆறாம் கிழமையில் தகப்பன் வேலைக்குத் திரும்பியிருப்பார். வேலையிடத்தில் பேசி, இரண்டு கிழமையையாவது பிற்பாடு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். பின்னேர வேலை செய்கிறவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

தனிமையில் கேட்கும் அழுகை ஆபத்தானது. களைத்த ஒருவர், ஆணோ பெண்ணோ, ஒரு கணம் பிள்ளையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும், உயிரே போகலாம். இதைத் தடுக்க மொன்றியலின் சென் ஜுஸ்தீன் சிறுவர் மருத்துவமனை உருவாக்கிய திட்டத்தில் ‘கோப வெப்பமானி’ என்ற படம் இருக்கிறது. தன் கோபம் எந்தப் பாகையில் நிற்கிறது என்று பெற்றோர் அதில் பார்த்துக்கொள்ளலாம். சூடு ஏறினால் பிள்ளையைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்தி, கதவைச் சாத்தி, அடுத்த அறைக்குப் போங்கள். பத்து நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

அன்று நான் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, யன்னலுக்கும் குசினிக்கும் இடையே நடந்தேன். அழுகை நிற்கவில்லை, தணிந்து, எழும்பி, மறுபடி தணிந்தது. தாய் குளித்துவிட்டு வந்து, காலையிலிருந்து மூடிவைத்திருந்த சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். “இருந்து சாப்பிட்டு எத்தினை நாள் அக்கா” என்றாள்.

உங்கள் தெருவிலும் அப்படியொரு வீடு இருக்கும். பின்னேரம் நாலு மணிக்குப் போங்கள்.