கல்லீரலின் வாயிலும் காளானின் நஞ்சும்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழக எல்லையை ஒட்டிய மலைப்பகுதிகளைக் கொண்டவை. அட்டப்பாடி, நெல்லியாம்பதி, தேவிகுளம், பீருமேடு முதலிய பகுதிகள் இவற்றுள் அடங்கும். மழைக்காலத்தில் கறையான் புற்றை அடுத்து முளைக்கும் காளான் கேரளத்தில் பலரும் விரும்பும் நல்லுணவாகும். ஆயினும் அமானிட்டா என்னும் பேரினத்துக் காளான்களும் கேரளத்தில் வளர்கின்றன. அப்பேரினத்துள் சில உயிரைப் போக்குவன. 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக்காளானை உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். தோட்டங்கள் மிகுந்த இடுக்கிக்கும் இஃது ஓர் எச்சரிக்கையாகும். கொடிய அமானிட்டாக்களின் நஞ்சு கல்லீரலைச் சிறப்பாகத் தாக்குவது ஏன் என்பதை ஈண்டுக் காண்போம்.

அந்நஞ்சின் பெயர் அமானிட்டின். எட்டு அமினோ அமிலங்கள் வளையமாக இணைந்த பெப்டைடு அது. சமைத்தாலும் உலர்த்தினாலும் அது சிதைவதில்லை. உடல் எடையில் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிகிராம் அளவே மரணம் விளைவிக்கும்.

உயிரணுவின் மேலுறை கொழுப்பால் ஆனது. பருத்த பெப்டைடுகள் அதனைத் தாமே எளிதிற் கடக்க இயலா. ஆனால் கல்லீரல் அணுக்களின் உறையில் கடத்துப் புரதங்கள் வாயில்களாக அமைந்துள்ளன. பித்த உப்புக்களையும் பிலிருபினையும் குருதியிலிருந்து ஈர்த்துக்கொள்வது அவற்றின் இயல்பான தொழில். ரிபாம்பிசின், ஸ்டாட்டின் போன்ற மருந்துகளும், கோலிசிஸ்டோகைனின் என்னும் பெப்டைடு ஹார்மோனின் எட்டு அமினோ அமில வடிவமும் இவ்வழியே நுழைகின்றன. இவற்றுள் ஓஏடிபி1பி3 என்னும் புரதமே அமானிட்டினையும் உள்ளே விடுகிறது என்பதை ஜெர்மானிய விஞ்ஞானிகள் 2006-இல் நிறுவினர்.

உட்புகுந்த நஞ்சு, ஆர்.என்.ஏ.வை ஆக்கும் நொதியுடன் பிணைந்து அதன் தொழிலை நிறுத்துகிறது. புதிய புரதங்களை ஆக்க இயலாமல் அணு மடிகிறது. நஞ்சின் ஒரு பகுதி பித்தத்துடன் குடலை அடைந்து, மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்புகிறது.

வாயிலை அடைத்தால் நஞ்சைத் தடுக்கலாமன்றோ? பால் நெருஞ்சில் என்னும் செடியின் விதையிலிருந்து பெறப்படும் சிலிபினின் என்னும் மருந்து இவ்வாறே தொழிற்படுகிறது. பதினோர் அமினோ அமிலங்களாலான சைக்ளோஸ்போரின் என்னும் பெப்டைடு மருந்தும் இவ்வாயில்களை அடைப்பதே. அதனுடன் ஸ்டாட்டினை உண்போருக்குக் குருதியில் ஸ்டாட்டின் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

ஆனால் அணுக்குள் புகுந்துவிட்ட நஞ்சை வாயிலடைப்பால் வெளியேற்ற முடியாது. ஆதலின் காலமே முதன்மையானது. வாந்தியும் பேதியும் உண்ட 6 முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றும். பின்னர் ஒரு நாளோ சற்று மிகுதியாகவோ நோய் தணிந்ததுபோல் தோன்றும். அதனை நம்பி வாளாவிருத்தல் தகாது. அவ்வேளையிலும் கல்லீரல் அழிந்துகொண்டே இருக்கிறது.

வெள்ளிக்காசு கறுத்தல், பூச்சி அரித்திருத்தல் முதலிய வழக்குச் சோதனைகள் நல்ல காளானை உறுதிசெய்ய உதவா. ஐயமுள்ள காளானை உண்ணாதிருப்பதே நன்று. உண்டபின் நோய் கண்டால், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உடன் உண்டோர் நலமாகத் தோன்றினும் அவர்களையும் அழைத்துச் செல்லுதல் இன்றியமையாதது.