கேள்வி யார் கையில்? அதிபர் வேட்பாளரின் தொலைக்காட்சி அட்டவணை

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் சூடுபிடிப்பது, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகுதான். நவம்பர் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் வாக்குப்பதிவு. இடையில் ஏறத்தாழ ஒன்பது வாரம். அந்த ஒன்பது வாரத்தில் வேட்பாளர் எந்த நாளில், எந்த ஊரிலிருந்து, எந்த சேனலில், யார் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லப்போகிறார் என்று முடிவு செய்ய ஒவ்வொரு தரப்பிலும் தனிக்குழு உண்டு. வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் வேட்பாளரை நேரில் பார்க்கப்போவதே இல்லை. திரையில் தெரியும் ஆளைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

அந்த ஆள் எப்படித் தெரிய வேண்டும் என்பதை முழுக்க முழுக்க வேட்பாளரின் ஆட்களே தீர்மானித்தால் என்ன ஆகும்? 1968-இல் ரிச்சர்ட் நிக்சன் நடத்திய பிரச்சாரத்தைப் பார்த்தால் இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும். ஜோ மெக்கின்னிஸ் என்ற இளம் பத்திரிகையாளர் நிக்சனின் விளம்பரக் குழுவோடு கூடவே இருந்தார். 1969-இல் அவர் எழுதிய புத்தகத்தின் மூலம் உள்ளே நடந்த பேச்சுகளும் குறிப்புகளும் அச்சில் வந்துவிட்டன. ஒரு தேர்தல் குழுவின் சமையலறை இவ்வளவு வெளிச்சமாகத் திறந்து கிடைப்பது அபூர்வம்.

1952-உம் 1960-உம்

நிக்சனுக்குத் தொலைக்காட்சி புதிதல்ல. 1952-இல் அவர் துணை அதிபர் வேட்பாளர். ஆதரவாளர்கள் சேர்த்துக் கொடுத்த 18,000 டாலர் நிதியைப் பற்றிப் புகார் கிளம்பி, போட்டியிலிருந்தே விலக்கப்படும் நிலை வந்தது. செப்டம்பர் 23 அன்று கட்சி காசு கொடுத்து வாங்கிய அரை மணி நேரத்தில், கேமராவைப் பார்த்து ஒற்றை ஆளாகப் பேசினார். குடும்பக் கணக்கு வழக்கையும், பிள்ளைகளுக்கு யாரோ பரிசாகக் கொடுத்த நாய்க்குட்டியையும் பற்றிச் சொன்னார். சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள், ஆதரவுத் தந்திகள் குவிந்தன, வேட்பாளர் இடம் தப்பியது.

எட்டு ஆண்டு கழித்து நிலைமை வேறு. 1960 செப்டம்பர் 26, சிகாகோவில் சிபிஎஸ் நிறுவனத்தின் படப்பிடிப்பு அரங்கில் ஜான் கென்னடியுடன் நேருக்கு நேர் விவாதம். ஆகஸ்டில் முழங்காலில் அடிபட்டு, அதில் தொற்று ஏற்பட்டு, மருத்துவமனையில் கிடந்து இளைத்துப்போயிருந்தார் நிக்சன். அவர் போட்டிருந்த சாம்பல் நிறக் கோட்டு பின்னாலிருந்த சுவரோடு கரைந்துபோனது. முறையான ஒப்பனையை மறுத்துவிட்டு, முகத்தில் தெரியும் தாடி நிழலை மறைக்க மட்டும் எதையோ பூசிக்கொண்டார். கருநிறக் கோட்டில் நின்ற கென்னடி திரையில் துல்லியமாகத் தெரிந்தார். பார்த்தவர்கள் ஏறத்தாழ 7 கோடி. வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சனே வென்றதாகத் தோன்றியது என்று இன்றும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் கணிப்பு மிகச் சிறியது. அதன்மேல் பெரிய முடிவுகளை ஏற்றக்கூடாது. ஆனால் தேர்தலில் ஒரு லட்சத்துச் சொச்சம் வாக்கில் தோற்ற மனிதருக்கு அந்த இரவு மறக்கவில்லை.

இந்த இரண்டு அனுபவத்தையும் பக்கத்தில் வைத்தால் நிக்சன் எடுத்துக்கொண்ட பாடம் புரியும். எதிரே யாரும் இல்லாதபோது பிழைத்தார். எதிராளி பக்கத்தில் நின்றபோது அடிபட்டார். 1968-இல் அவர் குழு போட்ட அட்டவணை முழுவதும் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தது.

ஒரு மணி நேரம், வட்டமேடை, ஏழெட்டுப் பேர்

பின்னாளில் வெள்ளை மாளிகையில் நிக்சனுக்கு வலக்கையாக இருந்த ஹால்ட்மன், அப்போது விளம்பர நிறுவனத்து ஆள். ஊர் ஊராகப் போய் மாதக்கணக்கில் கூட்டம் போட்டாலும் சந்திக்கும் தலைகளுக்கு ஓர் எல்லை உண்டு, ஒரே மாலைச் செய்தி அதைப்போலப் பல மடங்கு பேரிடம் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் 1967-லேயே குறிப்பு எழுதிக் கொடுத்தார். 1960-இல் ஐம்பது மாநிலங்களுக்கும் போவேன் என்று வாக்குக் கொடுத்து, கடைசி வார இறுதியில் அலாஸ்காவுக்குப் பறந்து களைத்த நிக்சனுக்கு இது மனத்தில் பதிந்தது.

சிபிஎஸ்ஸிலிருந்து வந்த ஃபிராங்க் ஷேக்ஸ்பியர், விளம்பரத் துறையின் ஹாரி டிரெலிவன், வழக்கறிஞர் லெனர்ட் கார்மென்ட் ஆகியோர் குழுவை நடத்தினர். அவர்களோடு சேர்ந்தவர் ரோஜர் எய்ல்ஸ். பகல்நேர உரையாடல் நிகழ்ச்சி ஒன்றின் தயாரிப்பாளர். நிக்சனை அங்கே சந்தித்தபோது அவருக்கு வயது 27. பின்னாளில் ஃபாக்ஸ் நியூஸ் சேனலைக் கட்டி எழுப்பியவர் இவரே.

இவர்கள் உருவாக்கிய நிகழ்ச்சி பார்ப்பதற்கு எளிமையானது. வட்டமேடையின் நடுவில் வேட்பாளர் தனியாக நிற்பார். பேச்சுமேடை இல்லை, கையில் காகிதம் இல்லை. அரைவட்டமாக உட்கார்ந்த ஏழெட்டு ‘சாதாரணக் குடிமக்கள்’ கேள்வி கேட்பார்கள். பின்னால் அடுக்கு அடுக்காகப் பார்வையாளர்கள். ஓக்லஹோமாவின் புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பட் வில்கின்சன் நெறியாளர். முதல் நிகழ்ச்சி செப்டம்பர் தொடக்கத்தில் சிகாகோவில் நடந்தது. பிறகு நகரம் நகரமாகப் போனது.

எளிமை அத்தனையும் திரையில் மட்டும்தான். பார்வையாளர்களை அழைத்து வந்தது நிக்சனின் கட்சியான குடியரசுக் கட்சியின் உள்ளூர்க் கிளை. எப்போது கைதட்ட வேண்டும், எவ்வளவு பலமாக ஆரவாரிக்க வேண்டும் என்று நிகழ்ச்சிக்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. முடிந்ததும் மேடையை நோக்கி ஓடிவந்து வேட்பாளரைச் சூழ்ந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் அடக்கம். நிக்சனுக்கு வியர்த்தால் 1960 நினைவுக்கு வந்துவிடும். ஆகவே பல மணி நேரம் முன்பே ஏசியைப் போட்டு அரங்கைக் குளிரவைத்தார்கள். சிகாகோவில் தொங்கவிட்டிருந்த நீலப்பச்சைத் திரை அவருக்குப் பொருந்தவில்லை என்று எய்ல்ஸ் கழற்றச் சொல்லி, மரப்பலகைகளை நிறுத்தினார். கேள்வி கேட்கும் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும், ஆனால் இரண்டு பேர் கூடாது என்று கணக்குப் பார்த்தார்கள். பிலடெல்பியாவில் தேர்ந்தெடுத்திருந்த மனநல மருத்துவரை நிக்சனுக்குப் பிடிக்காது என்று தெரிந்ததும் நீக்கிவிட்டு, அவர் இடத்தில் டாக்சி ஓட்டுநர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மூன்று முடிவுகள் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானவை. ஒன்று, ஒளிபரப்பு நாடு முழுவதற்கும் அல்ல, அந்தந்த வட்டாரத்துக்கு மட்டும். ஒரே பதிலைச் சிகாகோவிலும் சொல்லலாம், பிலடெல்பியாவிலும் சொல்லலாம். கேட்பவருக்கு அது அப்போதுதான் மனத்தில் தோன்றிய பதில்போல இருக்கும். இரண்டாவது, பத்திரிகையாளர்களுக்கு அரங்கில் இடம் இல்லை. வேறோர் அறையில் திரையில்தான் பார்க்க வேண்டும். உள்ளே விட்டால் விளக்கையும் கேமராவையும் கைதட்டச் சொல்லிக்கொடுப்பதையும் பற்றித்தான் எழுதுவார்கள் என்று ஷேக்ஸ்பியர் காரணம் சொன்னார். மூன்றாவது, கேள்வி கேட்பவர்கள் ஆளுக்கொரு திசையிலிருந்து வருபவர்கள். ஒருவர் விலைவாசியைக் கேட்பார், அடுத்தவர் வியட்நாமைக் கேட்பார். சொன்ன பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்து மடக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

பிலடெல்பியாவில் ஒரு விலகல் நேர்ந்தது. குழுவில் இருந்த உள்ளூர் வானொலிக்காரர் ஒருவர், வியட்நாமைப் பற்றி ஏன் நழுவுகிறீர்கள் என்று நேராகக் கேட்டார். பத்திரிகையாளர்கள் துருவிக் கேட்கும் நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு இப்படிப்பட்ட மேடையை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். நிக்சன் முகம் கடுகடுத்தாலும் சமாளித்தார். அந்த மணி நேரத்தில் உயிர் இருந்தது அந்தச் சில நிமிடத்தில்தான். நன்றாகத் தயாரான வேட்பாளருக்குக் கடுமையான கேள்வி கெடுதல் செய்வதில்லை என்பதும் அதிலேயே தெரிந்தது. ஆனாலும் குழு அதைத் தேடிப் போகவில்லை.

மாலைச் செய்திக்குள் முடிய வேண்டும்

வட்டமேடை நிகழ்ச்சி காசு கொடுத்து வாங்கிய நேரம். காசு கொடுக்காமல் கிடைப்பது செய்தி. சிபிஎஸ்ஸும் என்பிசியும் 1963 செப்டம்பரில் மாலைச் செய்தியைக் கால் மணியிலிருந்து அரை மணியாக்கியிருந்தன. அந்தக் காலத்தில் செய்திப் படம் பெரும்பாலும் பிலிமில் எடுக்கப்பட்டது. சுருளைக் கொண்டுபோய்க் கழுவி, வெட்டி, ஒட்டி முடிக்க நேரம் வேண்டும். இரவு எட்டு மணிக் கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அன்றைய செய்தியில் வராது. ஆகவே நாளுக்கு ஒரு முக்கிய நிகழ்ச்சி, அதுவும் பொழுதோடு. வேட்பாளருக்கு ஓய்வும் கிடைக்கும். செய்தியாளருக்கு அன்றைக்குக் காட்ட வேறு படமும் இருக்காது.

செய்திக்கு வெளியேயும் ஒரு தோற்றம் உண்டு. செப்டம்பர் 16 அன்று ‘லாஃப்-இன்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியில் நிக்சன் சில விநாடி தோன்றி ஒரே ஒரு வரி சொன்னார். இறுக்கமான மனிதர் என்ற பெயரைத் தளர்த்த அது உதவியது. எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ப்ரியையும் கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை.

விவாதம் நடக்காத தேர்தல்

ஹம்ப்ரி விவாதத்துக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். நிக்சன் வரவில்லை. அவருக்குச் சட்டமே வசதியாக இருந்தது. 1934-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் 315-ஆம் பிரிவின்படி, ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுக்கும் நிலையம் அதே பதவிக்கு நிற்கும் மற்றவர்களுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். செய்திக்கும் செய்திப் பேட்டிக்கும் 1959-இல் விலக்குக் கிடைத்தது. விவாதம் அந்த விலக்கில் சேரவில்லை. 1960-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்ததால்தான் கென்னடி–நிக்சன் விவாதம் நடந்தது. 1968-இல் அதே முயற்சி செனட் சபையில் முடங்கியது. மூன்றாவது வேட்பாளர் ஜார்ஜ் வாலஸைச் சேர்த்தால் அவருக்குத் தேவையில்லாத மதிப்புக் கிடைக்கும் என்பது நிக்சன் தரப்பின் வாதம்.

ஹம்ப்ரிக்குத் தொலைக்காட்சி நேரம் வாங்கவே பணம் இல்லை. ஆகஸ்டில் சிகாகோவில் நடந்த கட்சி மாநாட்டின்போது போராட்டக்காரர்களைப் போலீஸ் அடித்த காட்சி வேறு வீட்டுக்கு வீடு ஓடியிருந்தது. செப்டம்பர் இறுதியில் காலப் கணிப்பில் அவர் சுமார் 15 புள்ளி பின்தங்கியிருந்தார். செப்டம்பர் 30 அன்று, திரட்டிய காசில் அரை மணி நேரம் வாங்கி, சால்ட் லேக் சிட்டியிலிருந்து வியட்நாம் பற்றிப் பேசினார். அமைதிக்காகக் குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்றார். அப்போது அவர் அதிபர் ஜான்சனின் துணை அதிபர்; ஆனால் அந்தப் பதவியின் முத்திரை மேசையில் இல்லை. ஜான்சன் அரசின் நிழலிலிருந்து விலகி நிற்பதைக் காட்டும் ஏற்பாடு அது. நன்கொடை வரத் தொடங்கியது, இடைவெளி சுருங்கத் தொடங்கியது. ஒரே ஒரு தோற்றம் ஒரு தேர்தலை உயிர்ப்பித்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அதனால் எடுபட்டது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, நவம்பர் 4. இருவரும் கலிபோர்னியாவில் ஆளுக்கொரு நெட்வொர்க்கில் மணிக்கணக்கில் நேரலையில் இருந்தார்கள். ஹம்ப்ரி துணை வேட்பாளர் மஸ்கியோடு உட்கார்ந்து, தொலைபேசியில் வந்தவர்களிடம் நேரடியாகவே பேசினார். நடிகர் பால் நியூமன் கூட இருந்தார். நிக்சன் தரப்பில் வந்த கேள்விகளை ஊழியர்கள் வாங்கி எழுதி, தயாராக இருந்த பதில்களுக்கு ஏற்றபடி திருத்தி, வில்கின்சன் கையில் கொடுத்தார்கள். அவர் படித்தார், நிக்சன் பதில் சொன்னார். துணை வேட்பாளர் அக்னியூ அங்கே இல்லை.

மறுநாள் நிக்சன் 43.4 சதவீதம், ஹம்ப்ரி 42.7 சதவீதம். வெற்றி வித்தியாசம் சுமார் 5 லட்சம் வாக்கு.

இந்தத் திட்டம்தான் நிக்சனை ஜெயிக்கவைத்தது என்று எழுதுவது எளிது. எண்கள் அப்படிச் சொல்லவில்லை. பெரிய முன்னிலையோடு தொடங்கியவர் நூலிழையில் கரையேறினார். திட்டம் அவரைத் தவறு செய்யாமல் காத்தது, புதிதாக ஒருவரையும் பெரிதாகச் சேர்த்துக்கொடுக்கவில்லை. ஆனால் நாடு இழந்தது பெரிது. வியட்நாம் போரை எப்படி முடிப்பீர்கள் என்ற கேள்விக்கு, மடக்கிக் கேட்கத் தெரிந்தவர் முன்னால் விரிவாகப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடி அந்த ஒன்பது வாரத்தில் அவருக்கு மிக அரிதாகவே வந்தது.

அடுத்த அதிபர் விவாதத்துக்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியார் ஏற்பாடு செய்யும் விவாதமும் செய்தி நிகழ்ச்சியே என்று ஒலி, ஒளிபரப்பைக் கவனிக்கும் ஆணையம் 1975-இல் முடிவு சொன்ன பிறகே ஃபோர்டும் கார்ட்டரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். 1988 முதல் 2020 வரை இரு கட்சியினரும் சேர்ந்து அமைத்த ஓர் ஆணையம் விவாதங்களை நடத்தியது. 2024-இல் அந்த ஆணையத்தையும் ஒதுக்கிவிட்டு வேட்பாளர்கள் சேனல்களோடு நேரடியாகப் பேரம் பேசினார்கள். அப்போது அதிபராக இருந்த பைடனின் தரப்பு முன்கூட்டிய தேதி, வெறும் அரங்கு, முறை வராதவரின் மைக் அணைப்பு என்று கேட்டதெல்லாம் பெற்றுத்தான் ஜூன் 27 அன்று அட்லாண்டாவுக்குப் போனது. அந்த இரவில் அவர் தடுமாறினார். ஜூலை 21-இல் போட்டியிலிருந்து விலகினார். அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம், இன்னும் இறுக்கமாகத் திட்டமிட வேண்டும் என்பதல்ல. நேரலையில் தாங்கமாட்டாத நிலையில் ஒரு வேட்பாளர் இருந்தால் அது வாக்குப்பதிவுக்கு முன்பே மக்களுக்குத் தெரிந்தாக வேண்டும், தெரிந்தது.

எந்த அதிபர் வேட்பாளரும் விவாதத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்காவில் இன்றைக்கும் சட்டம் இல்லை. அழைக்கப்பட்டவர்கள் எல்லாம் தன் ஆட்களாக இருக்கும் அரங்கில் மட்டும் ஒருவர் பதில் சொல்கிறார் என்றால், கேள்வியை எழுதியது யார், பார்வையாளரைக் கூட்டிவந்தது யார், மறுகேள்விக்கு இடம் இருந்ததா என்று வாக்காளர் பார்க்க வேண்டும். மறுகேள்விக்கு ஒருமுறைகூட முகம் கொடுக்காத வேட்பாளருக்கு, அந்த ஒரு காரணத்துக்காகவே மதிப்பெண்ணைக் குறையுங்கள்.