வேகத்தின் மீது ஒரு நம்பிக்கை

மரக்காணம் உப்பளங்களில் கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி வெயிலில் சுண்டுகிறது. அதன் அடர்த்தி போமே அளவையில் 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்த ஆண்டு வேலை முடிந்தது. இங்கே வேகத்தைத் தீர்மானிப்பது வெயில்தான்.

இதே விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் ஆரோவில் வரும். காலத்தை முடுக்கிவிட முடியும் என்ற நம்பிக்கையில் பிறந்த நகரம் அது.

இன்றைய அரசியல் தத்துவத்தில் இந்த அவசரத்துக்கு ‘முடுக்கவாதம்’ என்று பெயர். பிரிட்டிஷ் அறிஞர் பெஞ்சமின் நாய்ஸ் 2010இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு விமர்சனச் சொல்லாகவே கையாண்டார். முதலாளியத்தையும் இயந்திரத்தையும் தடுக்காதீர்கள், அவை போகிற எல்லைவரை ஓடட்டும் என்பது இதன் சாரம். 1990களில் வார்விக் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த நிக் லேண்ட் இதன் முன்னோடி. பின்னாளில் அவர் ஜனநாயகத்தையே வேகத்தடையாகப் பார்த்தார். 2013இல் நிக் ஸெர்னிசெக், அலெக்ஸ் வில்லியம்ஸ் இருவரும் இதற்கு ஓர் இடதுசாரி அறிக்கை எழுதினார்கள். தொழில்நுட்பம் மனிதரை உழைப்புச் சுமையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவர்கள் கனவு.

நவீனம் வளர வளர மதம் தேயும் என்று ஐரோப்பியச் சிந்தனையாளர் பலர் எதிர்பார்த்தனர். முடுக்கவாதமோ மதத்தின் வடிவத்தையே எடுத்து அணிந்துகொண்டது. அமெரிக்க முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன் 2023இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை, தேவாலயத்தில் ஓதும் விசுவாசப் பிரமாணம்போல அடுக்கடுக்காக நம்பிக்கைகளைச் சொல்லிச் செல்கிறது. முடிவில் காவல் புனிதர்கள் என ஒரு பட்டியலும் உண்டு. அதில் நிக் லேண்டின் பெயரும் இருக்கிறது.

நம் கடற்கரையில் வேகத்துக்கும் நம்பிக்கைக்குமான இந்த உறவு இன்னும் பழையது. 1910இல் புதுச்சேரி வந்த ஸ்ரீ அரவிந்தர், இயற்கை நெடுங்காலம் எடுத்துச் செய்யும் பரிணாமத்தை யோகம் ஒரே வாழ்நாளுக்குள் சுருக்கிவிடும் என்று எழுதினார். அவர் சொன்ன வேகம் அகத்துக்கானது. அன்னை என அழைக்கப்பட்ட மிரா அல்ஃபாசா அதற்கு மண்ணில் ஓர் இடம் தேடினார். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கியது. எந்த மதத்துக்கும் உரியதாக அது இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ரோஜர் ஆங்கர் 50,000 பேருக்கான நகரை வரைந்தார். அரை நூற்றாண்டு கடந்தும் அங்கே வசிப்போர் சில ஆயிரம் பேர்தான். வெறும் செம்மண் பொட்டலில் அவர்கள் முதலில் வளர்த்தது காட்டை.

2021 டிசம்பரில் அந்தக் காட்டுக்குள் ஜேசிபி இறங்கியது. மூலத் திட்டத்தில் உள்ள வட்டச் சாலையைப் போட மரங்கள் வெட்டப்பட்டன. அன்னையின் கனவு இனியும் தாமதிக்கக் கூடாது என்றது ஒரு தரப்பு. நகரம் தானாக வளர வேண்டும் என்பதே அன்னையின் எண்ணம் என்றது மறு தரப்பு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயத்தின் ஆணையை ரத்து செய்தது.

இரு தரப்பும் ஒரே அன்னையைச் சாட்சிக்கு அழைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நம்பிக்கை இங்கே முடுக்கியாகவும் தடையாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. ஆகவே மதம் நவீனத்துக்கு நண்பனா பகைவனா என்று கேட்பதில் பயனில்லை. வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள், அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். 1988ஆம் ஆண்டின் ஆரோவில் சட்டம் மத்திய அரசு நியமிக்கும் நிர்வாகக் குழு, குடியிருப்போர் பேரவை, சர்வதேச ஆலோசனைக் குழு என மூன்று அமைப்புகளை உருவாக்கியது. நகரின் பெயரால் நிலமும் நீரும் மாறிக்கொண்டிருக்கும் இரும்பை, இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம் போன்ற ஊர்களுக்கென்று அவற்றில் தனி இடம் ஒதுக்கப்படவில்லை.