ஒரே கல், இரண்டு வேலை: கோட்டிக்யூலும் அதன் குழம்பும்

சவரக்கத்தி தீட்டப் பழகிய புதிதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. கல்லில் அரை மணி நேரம் தேய்ப்பேன். கை முடியை வெட்டும், ஆனால் கன்னத்தில் வைத்தால் இழுக்கும், எரியும். கல்தான் மட்டம் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். தப்பு கல்லில் இல்லை, அதன்மேல் இருந்த குழம்பில்.

என்னிடம் இருப்பது கோட்டிக்யூல். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில், வீல்சாம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும் வெளிர்மஞ்சள் கல். மெல்லிய அடுக்காகத்தான் பூமிக்குள் ஓடும். அதனால் பெரும்பாலும் அடியில் ஸ்லேட் ஒட்டித்தான் விற்பார்கள். மென்மையான மைக்காவுக்கு நடுவே கார்னெட் மணிகள் நெருக்கமாகப் பொதிந்திருக்கும். அளவு சில மைக்ரான்தான். இரும்பைத் தேய்ப்பது இந்த மணிகளே.

கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அதே வகைச் சின்னக் கல்லால் உரசினால், சந்தனம் இழைத்த மாதிரி பால் நிறத்தில் குழம்பு வரும். இதைத்தான் ஸ்லரி என்கிறார்கள். பொதிந்திருந்த மணிகள் இப்போது விடுபட்டு உருள்கின்றன, அதனால் இரும்பு வேகமாகத் தேய்கிறது. சில நிமிடத்தில் குழம்பு கறுத்துவிடும். அது கத்தியிலிருந்து வந்த இரும்பு.

சரி, அப்போ சிக்கல் எங்கே? சவரக்கத்தியை முனை முன்னால் போகும்படி தள்ளுகிறோம். முனை அந்தக் குழம்புக்குள் உழுதுகொண்டு போகிறது. எதிரே வரும் மணிகள் முனையிலேயே மோதி அதை மழுக்குகின்றன. பக்கவாட்டில் தேய்ந்து கூராவதும், நுனியில் மழுங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் சமமாகிவிடும். அதற்குமேல் எத்தனை மணி நேரம் தேய்த்தாலும் கூர் ஏறாது. நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

வழி எளிது. முதலில் கெட்டிக் குழம்பில் முனையை ஒழுங்குபடுத்துங்கள். பிறகு சில தேய்ப்புக்கு ஒருமுறை ஓரிரு சொட்டுத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே வாருங்கள். குழம்பு நீர்க்க நீர்க்க முனையில் மோதும் மணிகள் குறையும். கடைசியில் கல்லைக் கழுவிவிட்டு, வெறும் தண்ணீரில், கையை அழுத்தாமல் தேய்க்க வேண்டும். இப்போது மணிகள் கல்லுக்குள்ளேயே இருக்கின்றன, தலை மட்டும்தான் வெளியே. அதனால் கீறல் ஆழம் குறைகிறது. இதில் வேகம் கிடையாது, பொறுமை வேண்டும். முடிவில் தோல் வாரில் இழுத்தால் போதும்.

அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். முனை சரியாக உருவாகும் முன்பே வேகம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

ஒதுக்கி வைத்த அதே கல்லில் தீட்டிய கத்தியால்தான் இன்று காலை சவரம் செய்தேன். எரிச்சல் இல்லை.