கடலை எண்ணெயில் பம்பு செட் ஓட்டலாமா?

"நிலக்கடலை போட்டிருக்கிறோம், சார். டீசல் வாங்கியே அப்பாவுக்குக் கடன் ஏறுகிறது. எங்கள் கடலை எண்ணெயையே எஞ்சினில் ஊற்றினால் என்ன?" என்று என் வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார்.

நல்ல கேள்விதான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆகவே, ஓடுமா என்பதில் ஐயமில்லை. கட்டுபடியாகுமா என்பதே கேள்வி. பென்சிலை எடுங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

100 கிலோ காய்ந்த கடலையை உடைத்தால் ஏறக்குறைய 70 கிலோ பருப்பு கிடைக்கும். அதை ஆட்டினால் சுமார் 28 கிலோ, அதாவது 30 லிட்டர் எண்ணெய் வரும். பிண்ணாக்கு சுமார் 40 கிலோ மிஞ்சும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 36 மெகா ஜூல் வெப்பம் வெளிப்படும். கடலை எண்ணெயில் 34. எனவே நம் 30 லிட்டர் எண்ணெய் 28 லிட்டர் டீசலுக்குச் சமம். 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு 1.25 லிட்டர் டீசல் குடிப்பதாகக் கொண்டால், சுமார் 22 மணி நேரம் தண்ணீர் இறைக்கலாம்.

இனி விலைக்கு வருவோம். எண்ணெய் விலை டீசல் விலையைப் போல் இரண்டு மடங்கு என்று கொள்ளுங்கள். 14 லிட்டர் எண்ணெயை விற்றாலே 28 லிட்டர் டீசல் வாங்கிவிடலாம். மீதி 16 லிட்டரின் பணம் கையில் நிற்கும். எண்ணெயை எரித்தால் அந்தப் பணம் புகையாகிவிடும்!

இன்னொரு தொல்லையும் உண்டு. 40 டிகிரி செல்சியஸில் கடலை எண்ணெயின் பாகுநிலை டீசலைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அதனால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறாது. முழுதும் எரியாமல் எஞ்சினுக்குள் கரி படியும். மெத்தனாலும் காரமும் சேர்த்து அதைப் பயோ டீசலாக மாற்றலாம். அதற்கும் செலவு உண்டு.

அப்படியானால் லாபம் எங்கே? பிண்ணாக்கில்! எண்ணெயில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே. அவை காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. நைட்ரஜன் அடங்கிய புரதம் பிண்ணாக்கில் தங்கிவிடுகிறது. மாடு அதைத் தின்று பால் தருகிறது. நைட்ரஜனில் ஒரு பங்கு சாணமாகவும் கோமியமாகவும் வயலுக்கே திரும்புகிறது. ஆனால், கடலையைக் காயாகவே விற்றுவிட்டு, பிண்ணாக்கைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வீடுகள் எத்தனை! பிண்ணாக்கை ஈரம் படாமல் வையுங்கள். பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம்.

வரப்போரப் புங்கமரத்தின் விதையிலும் எரியும் எண்ணெய் உண்டு. ஆனால் அதன் பிண்ணாக்கு உரத்துக்கே ஆகும், தீவனத்துக்கு ஆகாது.

மாணவர் கணக்கை வீட்டுக்கு எடுத்துச் சென்றார். "எண்ணெயை விற்போம், பிண்ணாக்கை விற்க வேண்டாம்" என்று அவர் அப்பா முடிவு செய்தாராம்.

நீங்களும் உங்கள் ஊர் விலைகளை விசாரியுங்கள். கடலை எண்ணெய் விலையை டீசல் விலையால் வகுங்கள். விடை 0.94-க்குக் கீழே இறங்கினால்தான் எண்ணெயை எரிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அந்த 0.94 எங்கிருந்து வந்தது? மேலே உள்ள இரண்டு எண்களில் விடை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்!